சக்கரம் தரும் வெளிச்சம்: சைக்கிள் டைனமோக்கள் மூன்று, ஒரு மதிப்பீடு

பன்னிரண்டு ஆண்டுகளாக, ஆண்டின் பெரும்பகுதி நாள்களில், விடியும் முன்னரே சைக்கிளில் கிளம்பி இருட்டிய பிறகு அதே சைக்கிளில் திரும்பி வருகிறேன். இந்தக் காலத்தில் டயரை உரசிச் சுழலும் பாட்டில் டைனமோ, ஆரக்கம்பிகள் வந்து சேரும் முன்சக்கரத்தின் நடுப்பகுதியான ஹப்புக்குள்ளேயே அடங்கியிருக்கும் ஹப் டைனமோ, ஆரக்கம்பிகளில் மாட்டிய காந்தங்களைக் கொண்டு எதையும் தொடாமலே எரியும் சிறு விளக்கு ஆகிய மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாகப் பயன்படுத்தியிருக்கிறேன். இடையிடையே சார்ஜ் ஏற்றும் பேட்டரி விளக்குகளையும் வைத்துப் பார்த்தேன். அவற்றில் ஒன்றுகூட மோசமான விளக்கு அன்று; ஆனால் ஒவ்வொன்றும் என்றாவது ஒருநாள், சார்ஜ் ஏற்ற மறந்த காரணத்தால், நடுவழியில் அணைந்திருக்கிறது. மறதிக்கு இடமளிக்காத ஒரு விளக்கு வேண்டும் என்ற தேவைதான் என்னை டைனமோவுக்குக் கொண்டுவந்தது.

டைனமோ வாங்கப் போகிறவரை முதலில் குழப்புவது அவற்றின் மேல் அச்சிட்டிருக்கும் எண்கள். பாட்டில் டைனமோவானாலும் ஹப் டைனமோவானாலும் பெரும்பாலும் 6 வோல்ட், 3 வாட் என்றே எழுதியிருக்கும். எண்களை மட்டும் பார்ப்பவருக்கு எளியதும் உயர்ந்ததும் ஒன்றாகவே தோன்றும். அந்த 3 வாட்டைத் தருவதற்கு ஒவ்வொன்றும் ஓட்டுபவரின் கால்களிடம் எவ்வளவு வாங்கிக்கொள்கிறது, மழையில் என்ன செய்கிறது, ஐந்தாறு ஆண்டுகள் கழித்து எப்படி இருக்கிறது என்ற மூன்று கேள்விகளை வைத்துத்தான் அவற்றைத் தரம் பிரிக்க முடியும் என்பது என் அனுபவம். இந்த மதிப்பீடும் அந்த வரிசையில்தான் செல்கிறது.

அதற்கு முன், அந்த எண்களின் பொருளைச் சற்று விளக்குவது நல்லது. மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில், 12 ஓம் தடையுள்ள விளக்குச் சுமைக்கு அரை ஆம்பியர் மின்னோட்டத்தை 6 வோல்ட்டில் தர வேண்டும் என்பதே இந்த அளவுகோல். வேகம் கூடும்போது மின்னழுத்தமும் கூடி விளக்கை எரித்துவிடாதா என்று கேட்கத் தோன்றும். இங்கேதான் இந்தச் சிறு கருவியின் அழகு இருக்கிறது. இது தருவது மாறுதிசை மின்னோட்டம்; சக்கரம் வேகமாகச் சுழலச் சுழல அதன் அதிர்வெண்ணும் ஏறுகிறது; அதிர்வெண் ஏறும்போது கம்பிச்சுருள் தனக்குள்ளேயே காட்டும் எதிர்ப்பும் ஏறுகிறது. கூடுகிற மின்னழுத்தமும் கூடுகிற எதிர்ப்பும் ஏறக்குறைய ஒன்றையொன்று ஈடுசெய்வதால், எவ்வளவு வேகமாக மிதித்தாலும் மின்னோட்டம் அரை ஆம்பியரைச் சுற்றியே நிற்கிறது. தனியாக ஒரு கட்டுப்பாட்டுச் சுற்று கிடையாது; தேய்கிற பிரஷ்களும் கிடையாது. சுழலும் காந்தமும் நிலையான சுருளும், அல்லது அதன் மறுதலை, அவ்வளவே. இலக்கணப்படி பார்த்தால் இதை டைனமோ என்று அழைப்பதே தவறு, ஏனெனில் டைனமோ என்ற சொல் நேர்மின்னோட்டம் தரும் எந்திரத்தைக் குறிக்கும். ஆயினும் அந்தப் பெயர் நிலைத்துவிட்டது.

இந்த நிலையான மின்னோட்டத்துக்கு ஒரு பக்கவிளைவு இருந்தது. பழைய இழை பல்புகளின் காலத்தில் முன்விளக்குக்கு 2.4 வாட், பின்விளக்குக்கு 0.6 வாட் என்று 3 வாட்டைப் பங்கிட்டிருந்தார்கள். முன் பல்பின் இழை அறுந்தால், அதன் வழியே சென்றுகொண்டிருந்த மின்னோட்டமும் சேர்ந்து முழு அரை ஆம்பியரும் 0.1 ஆம்பியர் மட்டுமே தாங்கக்கூடிய பின் பல்புக்குள் பாயும். சில நொடிகளில் அதுவும் எரிந்துபோகும். முன்னும் பின்னும் ஒரே நேரத்தில் இருண்டுபோன அனுபவம் எனக்கு இருமுறை நேர்ந்திருக்கிறது. இன்றைய எல்இடி விளக்குகள் கூடுதல் மின்னழுத்தத்தைத் தாமே கட்டுப்படுத்தும் சுற்றோடு வருவதால் அந்தக் கவலை இப்போது இல்லை.

முதலில் பாட்டில் டைனமோ. பெயருக்கேற்பச் சிறு குப்பி போன்ற உடல், மேலே பல்வெட்டு உள்ள ஓர் உருளை, டயரின் பக்கவாட்டில் அழுத்தும் ஒரு ஸ்பிரிங். தேவைப்படும்போது தட்டி டயரோடு சேர்க்கிறோம். தேவையில்லாதபோது விலக்கி வைக்கிறோம். உருளையின் சுற்றளவு ஏறத்தாழ 7 சென்டிமீட்டர் என்று கொண்டால், மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் அது நொடிக்கு 60 சுற்றுகள் சுழல வேண்டும், அதாவது நிமிடத்துக்கு 3,600. இவ்வளவு வேகத்தில் சுழல்வதால்தான் இவ்வளவு சிறிய உடலுக்குள் 3 வாட்டை அடக்க முடிகிறது. அந்த ரீங்காரமும், விரைவில் தேயும் பேரிங்கும், கால்களில் உணரும் கனமும் அதே வேகத்திலிருந்துதான் பிறக்கின்றன.

பாட்டில் டைனமோவைக் குறைசொல்பவர்களில் பெரும்பாலோர் அதைச் சரியாகப் பொருத்தியிருக்க மாட்டார்கள் என்று உறுதியாகச் சொல்வேன். நானும் முதல் ஓராண்டு முழுவதும் தவறாகப் பொருத்திய ஒன்றோடுதான் போராடினேன். விதி ஒன்றே: டைனமோவின் அச்சை நீட்டி ஒரு கோடு வரைந்தால், அந்தக் கோடு சக்கரத்தின் மைய அச்சைத் தொட வேண்டும். ஒரு நூலை ஹப்பின் நடுவிலிருந்து டைனமோவின் உருளை வரை இழுத்துப் பிடித்தால் இதை எளிதில் சரிபார்க்கலாம். கோடு சற்று விலகினாலும் உருளை உருளாமல் டயரைக் குறுக்கே தேய்க்கத் தொடங்கும். சத்தம் கூடும், மிதிப்பது கனக்கும், டயரின் பக்கவாட்டுத் துணி சில மாதங்களிலேயே வெளியே தெரியும். அடுத்து, அழுத்தம். உருளை டயரைத் தொட்டால் மட்டும் போதாது, ஸ்பிரிங் அதை உள்ளே அழுத்த வேண்டும். விலக்கி வைத்த நிலையில் உருளைக்கும் டயருக்கும் இடையே ஒரு சென்டிமீட்டர் அளவு இடைவெளி இருந்தால் என்னுடைய ஸ்பிரிங் போதுமான விசை தந்தது. சக்கரத்தில் கோட்டம் இருந்தால் எத்தனை அழுத்தினாலும் ஒவ்வொரு சுற்றிலும் விளக்கு ஒருமுறை மங்கும். கோட்டம் எடுத்த பிறகே டைனமோவைக் குறைசொல்ல வேண்டும். டைனமோ ஓடுவதற்கென்றே பக்கவாட்டில் வரிவரியான ஒரு தடம் வார்க்கப்பட்ட டயர்கள் உண்டு. அப்படிப்பட்ட டயருக்கு மாறியபோது, அதே டைனமோ வேறொரு கருவிபோல் இயங்கியது.

இத்தனையும் செய்த பிறகும் மழை ஒன்று இருக்கிறது. ஈரமான டயரில் உலோக உருளை வழுக்குகிறது. சேறு படிந்தால் சுழலாமலே நிற்கிறது. எனக்கு நேர்ந்த மிக மோசமான இரவு இதுதான்: நல்ல மழையில், ஓர் இறக்கத்தின் நடுவில், வேகம் கூடக்கூட வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது. வேகம் கூடும்போது பிரகாசிக்க வேண்டிய விளக்கு, உருளை வழுக்கியதால் சரியாக அந்தச் சமயத்தில் இருண்டது. பிரேக்கை அழுத்தி, இறங்கி, மீதி வழியைத் தள்ளிக்கொண்டே நடந்தேன். உருளையின் மேல் மாட்டும் ரப்பர்த் தொப்பி பின்னர் ஓரளவு உதவியது. கம்பித்தூரிகை போன்ற உருளை ஈரத்தில் இன்னும் நன்றாகப் பிடித்தது, ஆனால் அது டயரைத் தின்கிறது. இந்தக் குறை தீர்க்கப்பட்டதாக நான் சொல்ல மாட்டேன். தளர்த்தப்பட்டிருக்கிறது, அவ்வளவே.

ஒரு பாதுகாப்பு எச்சரிக்கையையும் இங்கே பதிவு செய்ய வேண்டும். முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கில் டைனமோவைப் பிடித்திருக்கும் பட்டையின் போல்ட்டு தளர்ந்து, டைனமோ உள்பக்கம் திரும்பினால், அது நேராக ஆரக்கம்பிகளுக்குள் போய் முன்சக்கரத்தை ஒரே நொடியில் நிறுத்திவிடக்கூடும். மாதம் ஒருமுறை அந்த போல்ட்டை முறுக்கிப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். பின்சக்கரத்தில் பொருத்துவது இந்த வகையில் பாதுகாப்பானது என்று கருதுகிறேன். ஆனால் அங்கே சேறு அதிகம் தெறிக்கும்.

இத்தனை குறைகளுக்கு நடுவிலும் பாட்டில் டைனமோவுக்கு ஒரு சிறப்பு உண்டு, அதை மற்ற இரண்டும் தர முடியாது. விலக்கி வைத்தால் அது டயரைத் தொடுவதே இல்லை. ஆகவே பகலில் அதன் இழுவை சுழியம். பெரும்பாலும் பகலில் ஓட்டி, எப்போதாவது இருட்டில் திரும்புகிறவர், சக்கரத்தைப் பிரித்துக் கட்டும் வேலை எதுவும் இல்லாமல் அரைமணி நேரத்தில் இதைப் பொருத்திக்கொள்ளலாம்.

ஹப் டைனமோவைப் பற்றி எழுத ஆரம்பித்தால் எனக்கு நிறுத்துவது கடினம். கருத்து புதிதன்று. இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமைச் சேர்ந்த ஸ்டர்மி-ஆர்ச்சர் நிறுவனம் 1930களிலேயே டைனோஹப் என்ற பெயரில் இதை விற்கத் தொடங்கி, 1980கள் வரை தயாரித்தது. பரவலாக விற்ற 6 வோல்ட் வடிவம் ஏறத்தாழ 2 வாட் தரும். அதை வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: உள்ளே இருக்கும் சுருளைக் காந்த வளையத்திலிருந்து வெளியே இழுத்துவிடக் கூடாது. இரும்புத் துண்டு எதுவும் நடுவில் இல்லாமல் தனித்து நிற்கும் அக்காலக் காந்தம் தன் வலிமையை இழந்துவிடும்; திரும்பப் பொருத்தினாலும் பழைய வெளிச்சம் வராது. இன்றைய காந்தங்களுக்கு அந்த மென்மை இல்லை. ஜெர்மனியின் டியூபிங்கனில் வில்ஃபிரிட் ஷ்மிட் 1990களில் உருவாக்கிய ஹப் டைனமோ, இந்தக் கருவியைத் தொலைதூரப் பயணிகளின் நம்பிக்கைக்கு உரியதாக மாற்றியது. இப்போது ஷிமானோ, தைவானின் ஷட்டர் பிரிசிஷன் முதலிய நிறுவனங்களும் தரமான ஹப்புகளைத் தருகின்றன.

இதன் இயக்கத்தில் உருளையும் இல்லை, உராய்வும் இல்லை. அச்சோடு நிலையாக நிற்கும் சுருளைச் சுற்றி, ஹப்பின் உடலில் ஒட்டிய காந்தங்கள் சக்கரத்தோடு சேர்ந்து சுழல்கின்றன. சக்கரமோ மெதுவாகத்தான் சுழலும், 2.1 மீட்டர் சுற்றளவுள்ள சக்கரம் மணிக்கு 15 கிலோமீட்டரில் நொடிக்கு இரண்டு சுற்றுதான். அந்த மெதுவான சுழற்சியிலிருந்து போதிய மின்சாரம் எடுக்கவே ஹப்புக்குள் 26 அல்லது 28 காந்த முனைகளை அடுக்குகிறார்கள். 28 முனை என்றால் ஒரு சுற்றுக்கு 14 அலைகள்; நொடிக்கு 28 அலைகள் கிடைக்கின்றன. நடக்கும் வேகத்தில், மணிக்கு 5 கிலோமீட்டரில், அது 9 அலைகளாகக் குறைந்துவிடுவதால் விளக்கு கண்ணுக்குத் தெரியும்படி துடிக்கும். மேட்டில் மூச்சு வாங்க ஏறும்போது சாலை துடிதுடிப்பதைக் காண்பது முதலில் எரிச்சலாக இருந்தது. நல்ல முன்விளக்குகள் இதை மின்தேக்கியால் பெருமளவு சமன்செய்கின்றன.

புதிதாக ஹப் டைனமோ வாங்கியவர் செய்யும் முதல் காரியம், அச்சைக் கையால் திருகிப் பார்த்துத் திகைப்பது. கட்கட் என்று ஒவ்வோர் இடத்திலும் பிடித்துப் பிடித்து விடும். இதை மாட்டிக்கொண்டு எப்படி ஓட்டுவது என்று தோன்றும். இந்தப் பிடிப்பு ஏமாற்றக்கூடியது. காந்தம் ஓர் இரும்புப் பல்லிலிருந்து விலகும்போது இழுக்கும் விசையை, அடுத்த பல்லை நெருங்கும்போது ஏறக்குறைய முழுமையாகத் திருப்பித் தந்துவிடுகிறது. சக்கரத்தின் எடையும் வேகமும் சேர்ந்தபின் இந்த ஏற்ற இறக்கம் தெரிவதே இல்லை. விரல்களால் உணர்வதை வைத்து இழுவையை மதிப்பிட வேண்டாம்.

உண்மையான இழுவை எவ்வளவு என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்போம். நல்ல ஹப் டைனமோவின் திறன் 50 முதல் 70 சதவீதம். அதாவது 3 வாட் வெளிச்சத்துக்கு நம் கால்களிலிருந்து 4.3 முதல் 6 வாட் வரை எடுக்கிறது. பாட்டில் டைனமோவின் திறன் பொதுவாக 20 முதல் 40 சதவீதம். அதே 3 வாட்டுக்கு 7.5 முதல் 15 வாட் வரை தேவை. இதை ஏற்றமாக மாற்றினால் இன்னும் தெளிவாகப் புரியும். சைக்கிளும் ஓட்டுபவரும் சேர்ந்து 90 கிலோ என்று வைத்துக்கொண்டு, மணிக்கு 15 கிலோமீட்டரில் செல்லும்போது, கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் ஏறும் சாலை ஏறத்தாழ 3.7 வாட் கேட்கும். ஆகவே விளக்கை எரியவிட்ட ஹப் டைனமோ, கிலோமீட்டருக்கு ஒன்றரை மீட்டர் போல உயரும் சாலைக்குச் சமம். அவ்வளவு மெல்லிய ஏற்றத்தை நம்மில் பலர் சமதளம் என்றே சொல்வோம். விளக்கை அணைத்திருக்கும்போது நல்ல ஹப்பில் இழுவை ஒரு வாட்டுக்கு அருகில்தான். நான் ஒரு மாதம் விளக்கை எரியவிட்டும் ஒரு மாதம் அணைத்தும் ஒரே பாதையில் ஓட்டிப் பார்த்தேன். வீடு சேரும் நேரத்தில் எதிர்காற்று ஏற்படுத்தும் வேறுபாட்டில் இந்த வேறுபாடு மூழ்கிப்போனது. பாட்டில் டைனமோவை அப்படிச் சொல்ல முடியாது; அதைத் தட்டிச் சேர்த்த நொடியிலேயே கால்கள் அறிந்துகொள்ளும்.

இனி நீடித்த உழைப்பு. ஹப் டைனமோவின் முதல் எதிரி தண்ணீர் என்பதைவிட, ஈரக்காற்று என்று சொல்வதே பொருத்தம். ஓடும்போது உள்ளே இருக்கும் காற்று சூடாகி விரிகிறது. நிறுத்தியபின் குளிர்ந்து சுருங்குகிறது. சுருங்கும்போது பேரிங்கின் சீல் வழியாக வெளியேயுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்கிறது. நான் முதலில் வாங்கிய, பெயர் சொல்ல விரும்பாத ஒரு நிறுவனத்தின் ஹப், மூன்றாவது மழைக்காலத்தில் கரகரக்கத் தொடங்கியது. பிரித்துப் பார்த்தபோது பேரிங் முழுவதும் செந்நிறத் துரு. ஷ்மிட்டின் ஹப்புகளில் இதற்கென்றே ஓர் ஏற்பாடு உண்டு: காற்றழுத்தம் பேரிங் வழியாக அல்லாமல், அச்சின் வழியாக ஒரு நுண்குழாய் மூலம் சமன்செய்யப்படுகிறது. சிறு வேலைதான், ஆனால் பழுதின் காரணத்தைச் சரியாகக் கண்டுபிடித்தவரின் வேலை. இப்போது நான் பயன்படுத்துவது அந்த வகை. இதுவரை பேரிங்கில் எந்த மாற்றமும் தெரியவில்லை.

பழுதுபார்ப்பிலும் வேறுபாடு உண்டு. ஷிமானோ ஹப்புகள் பலவற்றில் கப்பும் கோனும் குண்டுகளும் கொண்ட பழைய பாணி பேரிங் இருக்கிறது. மின்முனை இல்லாத பக்கத்தைக் கவனமாகக் கழற்றி, கிரீஸ் வைத்து, மீண்டும் இறுக்கம் பார்க்கப் பழகிய கை போதும். ஷ்மிட்டின் ஹப்பைப் பேரிங் மாற்றுவதற்குத் தயாரிப்பாளரிடமோ அதன் சேவை மையத்திடமோதான் அனுப்ப வேண்டும். தொலைதூரப் பயணம் போகிறவர் இந்த இரண்டில் எது தனக்கு ஏற்றது என்று முன்கூட்டியே யோசித்துக்கொள்வது நல்லது. நீண்ட காலம் தொடாமலே ஓடுவது ஒரு வகை நம்பகம். எங்கே நின்றாலும் தானே சரிசெய்துகொள்ள முடிவது இன்னொரு வகை. எடையைப் பொறுத்தவரை, ஹப் டைனமோக்கள் 400 முதல் 700 கிராம் வரை இருக்கும். சாதாரண முன்ஹப்பைவிடச் சில நூறு கிராம் கூடுதல். சுழலும் மையத்தில் இருக்கும் எடை என்பதால் ஓட்டும்போது உணர்வதில்லை.

சிறிய சக்கரமுள்ள சைக்கிள் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 20 அங்குலச் சக்கரம் அதே சாலை வேகத்தில் வேகமாகச் சுழல்வதால், பெரிய சக்கரத்துக்கான ஹப்பை அதில் கட்டினால் தேவைக்கு மேல் மின்சாரமும் தேவையற்ற இழுவையும் கிடைக்கும். சிறு சக்கரத்துக்கென்றே எடை குறைந்த வடிவங்கள் உள்ளன.

மின்கம்பி பற்றிப் பலரும் எழுதுவதில்லை. எனக்கோ வந்த பழுதுகளில் பாதிக்கு மேல் அதில்தான். பழைய முறையில் ஒரே ஒரு கம்பியை விளக்குக்கு இழுத்துவிட்டு, திரும்பும் பாதையாகச் சைக்கிளின் சட்டத்தையே பயன்படுத்தினார்கள். பெயின்ட்டும் துருவும் மட்கார்டின் தளர்ந்த போல்ட்டும் அந்தப் பாதையைத் துண்டிக்கும். குழியில் சக்கரம் இறங்கும்போதெல்லாம் விளக்கு கண்சிமிட்டும். சற்று வேலை கூடினாலும் இரண்டு கம்பிகளையும் தனித்தனியாக இழுப்பதே சரி. சில ஹப்புகளில் ஒரு மின்முனை அச்சோடு இணைந்திருக்கும். விளக்கின் உடலும் ஒரு முனையோடு இணைந்திருந்தால், இரண்டையும் மாற்றிக் கொடுத்துவிட்டால் சட்டத்தின் வழியாகக் குறுக்குச்சுற்று ஏற்பட்டு விளக்கு எரியவே எரியாது. எதுவும் பாழாகாது; முனைகளை மாற்றினால் போதும். ஆனால் இதை அறியாதவர் நல்ல ஹப்பைப் பழுது என்று திருப்பி அனுப்பிவிடுவார். பஞ்சர் ஒட்டச் சக்கரத்தைக் கழற்றுமுன் ஹப்பின் இணைப்பியை இழுத்து எடுத்துவிட வேண்டும். அவசரத்தில் மறந்து இரண்டு முறை கம்பியை அறுத்திருக்கிறேன். பின்விளக்குக்குப் போகும் கம்பி, கைப்பிடி திரும்பும் இடத்தில் தளர்வாக ஒரு வளைவு கொண்டிருக்க வேண்டும். இறுக்கமாகக் கட்டினால் ஓராண்டில் உள்ளுக்குள்ளேயே அறுந்துவிடும், வெளியே உறை மட்டும் முழுமையாகத் தெரியும்.

விளக்கைப் பற்றியும் சொல்லாமல் டைனமோவின் மதிப்பீடு முழுமை பெறாது. 3 வாட் என்பது ஹாலஜன் காலத்தில் ஒரு மஞ்சள் புள்ளி. எல்இடி வந்தபின் அதே 3 வாட், 200 லூமனைத் (விளக்கு தரும் மொத்த ஒளியின் அளவு) தாண்டுகிறது. அதனினும் முக்கியம், அந்த வெளிச்சம் எங்கே விழுகிறது என்பது. ஜெர்மனியின் சாலைப் போக்குவரத்து விதிகள் சைக்கிள் முன்விளக்கு 10 மீட்டர் தொலைவில் குறைந்தது 10 லக்ஸ் (ஒரு பரப்பின் மேல் விழும் வெளிச்சத்தின் அளவு) தர வேண்டும் என்றும், எதிரே வருபவரின் கண்ணைக் கூசாதபடி ஒரு மட்டத்துக்கு மேல் வெட்டப்பட்டிருக்க வேண்டும் என்றும் கேட்கின்றன. அந்த நாட்டில் 2013 வரை டைனமோ விளக்கு பொதுவாகக் கட்டாயமாக இருந்ததும், டைனமோவுக்கேற்ற விளக்குகள் அங்கே இவ்வளவு வளர்ந்ததற்கு ஒரு காரணம். புஷ் அண்ட் முல்லர் என்ற ஜெர்மன் நிறுவனத்தின் ஐக்யூ-எக்ஸ் போன்ற விளக்குகள் 100 லக்ஸ் வரை தருகின்றன. கிடைக்கும் மின்சாரம் குறைவு என்பதால், டைனமோ விளக்கை வடிவமைப்பவர் ஓர் ஒளிக்கதிரையும் வானத்துக்கு வீணாக்க முடியாது. வெளிச்சம் முழுவதும் சாலையில் ஒரு பாயைப் போல் விரிகிறது. ஆயிரம் லூமன் என்று விளம்பரப்படுத்தப்படும் வட்ட ஒளி பேட்டரி விளக்கைவிட இது சாலையைத் தெளிவாகக் காட்டுகிறது என்பதை இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தே சொல்கிறேன்.

நின்றால் விளக்கு அணைந்துவிடுமே என்பது டைனமோவின் மீது சொல்லப்படும் பழைய குற்றச்சாட்டு. விளக்குக்குள் இருக்கும் பெரிய மின்தேக்கி, ஓடும்போதே நிரம்பி, நின்றபின் சில நிமிடங்களுக்குச் சிறிய வெளிச்சத்தைத் தொடர்ந்து தருகிறது. சந்திப்புகளில் காத்து நிற்கும்போது பின்னால் வருபவருக்கு நாம் தெரிய அது போதும். வாங்கும்போது முன், பின் இரண்டு விளக்குகளிலும் இந்த வசதி இருக்கிறதா என்று கேட்டு வாங்க வேண்டும். ஆனால் சாலையோரம் நின்று சங்கிலியைச் சரிசெய்ய அந்த வெளிச்சம் உதவாது. அதற்கு ஒரு சிறு கைவிளக்கைப் பையில் வைத்திருக்கிறேன்.

தொடாமல் இயங்கும் காந்த விளக்கு தனி வகை. ஆரக்கம்பிகளில் இரண்டு காந்தங்கள், அச்சுக்கு அருகே சுருளோடு கூடிய சிறு விளக்கு. காந்தம் கடக்கும்போதெல்லாம் ஒரு மினுக்கு. டென்மார்க்கின் ரீலைட் நிறுவனம் இதைப் பரவலாக்கியது. இழுவை உணரவே முடியாத அளவு, வெளிச்சமும் அவ்வளவுதான். இருண்ட சாலையில் வழி காட்ட இதனால் முடியாது. ஆனால் பகலிரவு பாராமல் எப்போதும் எரிவது இதன் பலம். டென்மார்க்கின் ஒடென்சே நகரில் ஏறத்தாழ 4,000 சைக்கிள் ஓட்டிகளோடு ஓராண்டு நடந்த ஓர் ஆய்வில், இத்தகைய விளக்கைப் பொருத்திக்கொண்டவர்களுக்கு ஏற்பட்ட காயம் உண்டாக்கும் விபத்துகள் மற்றவர்களைவிட 19 சதவீதம் குறைவாக இருந்தன. தெருவிளக்குகள் உள்ள ஊருக்குள் மட்டும் ஓட்டுபவருக்கு, குறிப்பாகப் பள்ளிப் பிள்ளைகளின் சைக்கிளுக்கு, இதை மனமாரப் பரிந்துரைப்பேன். அந்த ஆய்வைப் படித்தபின்தான் என் ஹப் டைனமோ விளக்கையும் பகலில் அணைக்காமல் விட்டுவிட்டேன். இழுவை அவ்வளவு குறைவாக இருக்கும்போது அணைக்க ஒரு காரணமும் இல்லை.

கைப்பேசிக்குச் சார்ஜ் ஏற்றலாமா என்று பலர் கேட்கிறார்கள். ஏற்றலாம், எதிர்பார்ப்பு அளவோடு இருந்தால். மாறுதிசை மின்னோட்டத்தைத் திருத்தி 5 வோல்ட்டாக்கும் ஒரு கருவி இடையில் அவசியம். கைப்பேசியை நேராக இணைக்கவே கூடாது. சுமையில்லாமல் வேகமாகச் சுழலும் ஹப் பல பத்து வோல்ட்டுகளைத் தரும். மணிக்கு 15 கிலோமீட்டரில் கிடைக்கும் 3 வாட்டில் இழப்பு போக, 15 வாட்-மணி பேட்டரியை நிரப்ப ஆறேழு மணி நேரம் ஓட்ட வேண்டும். அதுவும் விளக்கை அணைத்துவிட்டு. நாள் முழுக்க ஓட்டும் பயணிக்கு அது பெரிய உதவி. தினமும் அரைமணி நேரம் ஓட்டுபவருக்கு அந்தக் கருவி வீண்.

ஆக, என் தேர்வு இப்படி. ஆண்டு முழுவதும் இருட்டில் ஓட்டுகிறவருக்கும், மழையை ஒத்திப்போட முடியாதவருக்கும் ஹப் டைனமோதான். அதிலும் விளக்குக்கும் மின்கம்பிக்கும் ஹப்புக்குச் சமமான கவனம் தர முடிந்தால் மட்டும். முன்சக்கரத்தைப் புதிதாகக் கட்ட வேண்டியிருப்பதால், ரிம் தேய்ந்து எப்படியும் சக்கரம் மாற்றும் வேளைவரை காத்திருப்பது புத்திசாலித்தனம். அதுவரை, டைனமோ தடமுள்ள டயரும் நூல் பிடித்துப் பொருத்திய பாட்டில் டைனமோவும் நல்ல எல்இடி முன்விளக்கும் சேர்ந்தால், வறண்ட இரவுகளில் எந்தக் குறையும் தெரியாது. பின்னர் ஹப்புக்கு மாறும்போது அந்த முன்விளக்கையே அப்படியே தொடர்ந்து பயன்படுத்தலாம், ஏனெனில் இரண்டும் தருவது அதே 6 வோல்ட், 3 வாட். நானும் அப்படித்தான் மாறினேன். பாட்டில் டைனமோவுக்கு வாங்கிய விளக்கு இன்றும் ஹப்பில் எரிந்துகொண்டிருக்கிறது.